கோடு நிற்கிற வேகம்

'க்ரீ...ச்' என்று வீடே கூசும்படி ஒரு சத்தம். சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரின் கையிலிருந்து வடிகட்டி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. பாதி ஆயுளை அடுத்தவர் வாயில் டிரில் ஓட்டியே கழித்தவர் அவர். கூசுகிற சத்தம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து அது கிளம்பினால் யாருக்கும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

ஈரக் கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றார். மேசையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், மூடி கழற்றப்பட்டுக் குடல் தெரிய, செங்கல் கனத்தில், டிஸ்கைச் சுழற்றிப் படிக்கும் ஒரு ஃப்ளாப்பி டிரைவ். அதற்குள் கறுப்பு டிஸ்க் ஒன்று நொண்டி நொண்டிச் சுற்றியது. அவர் மனைவி, கையில் திருப்புளியும் நெற்றியில் வியர்வையுமாக, சட்டென்று சுவிட்சை அணைத்தாள். சத்தம் மூக்கால் அழுவது போல இறங்கி நின்றது.

"திரையில ஏதோ எழுத்து வந்துச்சே," என்றார் டாக்டர்.

"கண்ணாடி கூடப் போடாம வந்து நின்னுட்டு எழுத்தைப் பாத்தீங்களாக்கும்."

"எனக்குக் கிட்டப் பாக்கத்தான் கண்ணாடி வேணும். தூரத்துல இருக்கிறது நல்லாவே தெரியும்."

அவள் காதில் வாங்கவில்லை. குனிந்து டிரைவின் அடிவயிற்றை நோண்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். பெரிய மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. ஓடாத இயந்திரத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் இன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது வேறு மாதிரியான பிடிவாதம் என்று டாக்டருக்குத் தெரிந்தது. காரணமும் தெரியும். சாயங்காலம் அவளுடைய அண்ணன் வருகிறான்.

முந்தின நாள் போன் வந்திருந்தது. போன மழையில் அவன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பழைய டிரைவும் டிஸ்குகளும் ஊறிப்போய்விட்டனவாம். "நம்ம இருட்டு வீடு, உங்கிட்ட இருக்கிறதுதான் இனிமே மிச்சம். ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா? நாளைக்கு வரேன்," என்று சாவகாசமாகக் கேட்டான். அவளும் சாவகாசமாகவே "வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

'இருட்டு வீடு' என்பது ஒரு விளையாட்டு. படிக்கிற காலத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. படமெல்லாம் கிடையாது. விளக்கில்லாத ஒரு வீட்டுக்குள் கட்டளைகளைத் தட்டித் தட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். புரோகிராம் எழுதியது அண்ணன். அறைகளையும் புதிர்களையும் யோசித்தவள் அவள். கல்யாணமாகி அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, வண்டி ஜன்னல் வழியாக மூன்று டிஸ்குகள் வைத்த ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். "இதுல எல்லாமே இருக்கு," என்றான்.

எதுவுமே இல்லை. புது வீட்டில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய இதே கம்ப்யூட்டரில், இதே டிரைவில், ஆசை ஆசையாக அவற்றைப் போட்டுப் பார்த்தாள். மூன்று டிஸ்கும் வெறுமை. 'படிக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி. அதே மாதம், அந்த விளையாட்டைக் காட்டித்தான் அண்ணனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது என்று காதில் விழுந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வெற்று டிஸ்கைக் கையில் திணித்து, அவளைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் தன் பேரில் போட்டுக்கொண்டான்.

அவள் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். கேட்காமல் விட்டதால் உறைந்துபோனது. நல்லது கெட்டதுக்கு ஒரு போன், பிள்ளைகள் பாஸானால் ஒரு போன். அண்ணனும் ஏன் என்று கேட்கவில்லை. தங்கைக்குக் குடும்பம், வேலை என்று ஆகிவிட்டது என நினைத்திருப்பான்.

இப்போது அவனே வாய்விட்டு அந்த டிஸ்குகளைக் கேட்கிறான் என்றால் என்ன தைரியம். இன்றைக்கு அவன் கண் முன்னாலேயே மூன்றையும் போட்டுக் காட்டப் போகிறாள். அதற்கு டிரைவ் சுத்தமாக இருக்க வேண்டும். 'உன் டிரைவ் சரியில்லை' என்று சொல்ல அவன் வாயைத் திறக்கவே கூடாது. வெடுக்கென்று கேட்டுவிடலாமே என்று டாக்டர் சற்று முன்னால் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். ஆதாரம் கையில் இல்லாமல் தான் எதையும் பேசுவதில்லை என்று பதில் வந்தது. அவர் டீ போடப் போய்விட்டார்.

கத்தியது எது என்று முதலில் பிடித்தாள். டிஸ்கைக் கவ்விச் சுழற்றும் அச்சு பரணில் கிடந்த காலத்தில் வறண்டுபோயிருந்தது. பழைய கிரீஸ் கோந்தாக இறுகிவிட்டது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

மோட்டாரைப் போட்டாள். கத்தல் நின்றது, நொண்டல் நிற்கவில்லை. மோட்டார் ஒரு வேகத்தில் ஓடுகிறது, சக்கரம் இன்னொரு வேகத்தில் பின்னால் இழுபடுகிறது. இரண்டையும் இணைக்கும் தட்டையான ரப்பர் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. வயதானால் ரப்பருக்கும் இடுப்பு நிற்காது. புதிது வாங்கக் கடையில்லை, நாளுமில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் ரப்பர் லேசாகச் சுருங்கும். டாக்டர் எட்டிப் பார்த்தபோது டீப் பாத்திரத்தில் கறுப்பாக ஏதோ நீந்திக்கொண்டிருந்தது.

"மச்சானுக்கு இன்னிக்கு ரப்பர் டீயா?"

"உங்களுக்கும் ஒரு கப் வைக்கிறேன், இருங்க."

பெல்ட் சுருங்கி, துடைத்த சக்கரத்தின் மேல் வழுக்காமல் கவ்வி உட்கார்ந்தது. அடுத்தது வேகம். இந்த டிரைவில் டிஸ்க் நிமிஷத்துக்குச் சரியாக முந்நூறு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எழுத்து பிடிபடாது. வேகத்தைப் பார்க்க உள்ளே மீட்டர் கிடையாது. சக்கரத்தின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை வட்டமாக அச்சடித்திருப்பார்கள். டியூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது அல்லவா, அந்த வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது சுற்றுகிற கோடுகள் அப்படியே நின்றுவிட்ட மாதிரி தெரியும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம். பின்னால் போனால் குறைவு. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் வீடு முழுக்க எல்.இ.டி. விளக்கு. அது துடிக்காமல் ஒரே சீராக எரிகிறது. கோடுகள் சாம்பல் பூசிய மாதிரி கலங்கித்தான் தெரிந்தன. ஒவ்வொரு அறையாக டிரைவைத் தூக்கிக்கொண்டு போனாள். குளியலறையில் கூட ஓட்டிப் பார்த்தாள்.

"நம்ம பில்டிங்ல பழைய டியூப் லைட்டு எங்கங்க இருக்கு?"

டாக்டர் யோசித்தார். கீழே பம்ப் அறையில் ஒன்று 'ர்ர்ர்' என்று எரிகிறது, மாற்றச் சொல்லித் தானே குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டதாக நினைவு என்றார். நல்ல வேளை, அவர் சண்டை ஜெயிக்கவில்லை.

இருவரும் படி இறங்கினார்கள். அவள் கையில் டிரைவ், அவர் கையில் பவர் சப்ளையும் வயர்களும். பம்ப் அறையில் இரும்பு வாசனையும் ஈரமும். அடிச்சக்கரத்தைக் குனிந்து பார்க்க முடியாத கோணம். டாக்டர் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு அதை ஒருத்தர் வாயில் வைக்க வேண்டும், எண்ணெய் படாமல் திருப்பித் தரணும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

கண்ணாடிக்குள் இரண்டு வளையங்கள் தெரிந்தன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மின்சாரத்தின் துடிப்பு நாட்டுக்கு நாடு மாறும். நொடிக்கு ஐம்பது துடிப்பு உள்ள இடத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும், அறுபது உள்ள இடத்தில் மற்றதை. ஓரத்தில் கடுகு எழுத்தில் எண் போட்டிருந்தது. இங்கே மின்சாரம் ஐம்பது. அந்த எண்ணுள்ள உள்வளையத்தைப் பார்த்தாள். கோடுகள் மெல்லப் பின்னால் ஊர்ந்தன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைத் திருகை மயிரிழை திருப்பினாள். ஊர்வது தயங்கியது. இன்னும் ஒரு இழை. கோடுகள் கல்லில் செதுக்கியது போல நின்றன.

"இனிமே அவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்," என்றாள்.

மேலே வந்து, கடையில் வாங்கிய பழைய டைப்பிங் பயிற்சி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். டிரைவ் பூனை மாதிரி முனகியது. திரையில் பாடம் பளிச்சென்று வந்தது. டிரைவ் மேல் இனி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் கொடுத்த முதல் டிஸ்கைச் செருகினாள்.

'படிக்க முடியவில்லை.'

இரண்டாவது. மூன்றாவது. அதே பல்லவி.

வென்றுவிட்டாள். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த வழக்கு முடிந்தது. தீர்ப்பு அவள் பக்கம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. அவளுடைய ஏதோ ஒரு மூலை, டிரைவ் சரியானால் டிஸ்கும் சரியாகிவிடும் என்று இத்தனை நேரம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் பக்கத்தில் டீயை வைத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா நான் எழுத்தைப் பாத்தேன்மா," என்றார்.

"என்ன எழுத்து?"

"அந்தக் கத்தல் சத்தம் வந்தப்போ. முதல் வரியில இருட்டு வீடுன்னு வந்துச்சு. அதுக்குக் கீழ வாலுன்னு ஒரு வார்த்தை. அப்புறம் போயிடுச்சு."

அவள் டீயைத் தொடவில்லை. விளையாட்டின் பெயர் அவருக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் 'வாலு' என்பது அண்ணன் மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் ஒருவரும் அதை உச்சரித்ததில்லை. டாக்டருக்குக் கற்பனை அவ்வளவு தூரம் ஓடாது.

கத்தல் வந்தபோது டிரைவில் சுற்றியது அண்ணன் கொடுத்த முதல் டிஸ்க்தான். அப்படியானால் அது வெறுமை இல்லை. வெறுமையான டிஸ்க் யாருக்காகவும் ஒரு வார்த்தை கூடக் காட்டாது. டிரைவ் நோயாக இருந்தபோது படித்திருக்கிறது, குணமானதும் குருடாகிவிட்டது. நோய் என்ன? அச்சு வறண்டு, பெல்ட் தொளதொளத்து, மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றும்போது படித்தது என்றால், எழுதப்பட்டதும் மெதுவான வேகத்தில்தான்.

மறு பேச்சில்லாமல் திருப்புளியை எடுத்தாள். பார்த்துப் பார்த்துச் சரியாக வைத்த வேகத்தைத் தன் கையாலேயே குலைப்பது என்றால் கை கூசத்தான் செய்தது. கொஞ்சம் குறைத்தாள்; படிக்கவில்லை. இன்னும் கொஞ்சம். படிக்கவில்லை. பிழைச் செய்தி திரை முழுக்க வரிசை கட்டியது. திருகு முடியப் போகிறது என்று விரலுக்குத் தெரிந்த நேரத்தில், டிரைவின் முனகல் மாறியது. தட்டுத் தடுமாறி நின்று கொண்டிருந்த, டிஸ்கைப் படிக்கிற உள்முனை 'டக் டக் டக்' என்று நம்பிக்கையோடு முன்னேறியது.

'இருட்டு வீடு. செய்தவர்கள்: வாலு, தலை. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது.'

அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

டாக்டர் மெதுவாக அவள் தோளில் கை வைத்தார். தலை யார் என்று மட்டும் கேட்டார். அண்ணன்தான் என்றாள்.

ஆனால் அவளால் அதோடு விட முடியுமா? ஓடுகிறது என்பது போதாது, ஏன் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். வேண்டுமென்றே அண்ணன் வேகத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தானா? தன்னைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி? அது வெற்று டிஸ்கைக் கொடுப்பதை விட மோசம். டிரைவைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவும் பம்ப் அறைக்கு இறங்கினாள். இந்தத் தடவை தனியாக.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, மோட்டாரைப் போட்டு, குட்டிக் கண்ணாடியை அடியில் பிடித்தாள். உள்வளையம் ஓடிக்கொண்டிருந்தது. நிற்பதாகவே இல்லை. கண்ணாடியைச் சற்று வெளியே நகர்த்தினாள்.

வெளிவளையம் நின்றுகொண்டிருந்தது. அறுபது துடிப்புக்கான வளையம். ஆடாமல் அசையாமல், கல்லில் செதுக்கியது போல.

அவள் கை தானாகத் தாழ்ந்தது. அந்தக் கோடுகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பிறந்த வீட்டில், டியூப் லைட்டுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு, ஓட்டை உடைசல் சாமானில் அண்ணனும் அவளும் ஒட்டிச் சேர்த்த டிரைவை மடியில் வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் புரோகிராம் அவன் துறை; திருகு அவள் துறை. திருகைத் தொட அண்ணனை விட்டதே இல்லை. அந்த டிரைவின் வளையங்களில் எண் எதுவும் மிச்சமில்லை, தேய்ந்துபோயிருந்தது. இரண்டு வளையத்தில் எது என்று கேட்டான் அண்ணன். நெருக்கமாகக் கோடு போட்ட வெளிவளையம்தான் துல்லியமாக இருக்கும் என்று ஆணியடித்த மாதிரி சொன்னவள் அவள். வேகம் முந்நூறுக்குப் பதில் இருநூற்றைம்பதில் போய் உட்கார்ந்தது. கடையில் வாங்கிய டிஸ்க் ஒன்றுகூட அதில் ஓடவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் சண்டைக்கே போனான். அவர்களே எழுதியது மட்டும் அதில் ஜோராக ஓடியது.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. மேலே போனால் டீயில் ரப்பர் வாசனை அடிக்கிறது, கீழே போங்கள் என்று மாப்பிள்ளை துரத்திவிட்டார் என்றான்.

அவள் வா என்றுகூடச் சொல்லவில்லை. அந்த டிஸ்கை எப்போதாவது வேறு யாருடைய டிரைவிலாவது போட்டிருக்கிறானா என்று கேட்டாள்.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். ஒரே ஒரு தடவை, வேலைக்கான இண்டர்வியூவில். அவர்கள் இயந்திரம் படிக்க மறுத்துவிட்டதாம். வீட்டுக்கு ஓடி, டிரைவையே துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினானாம். வாலு யார் என்று கேட்டார்களாம், தங்கை என்று சொன்னானாம். அங்கே இருந்த மெக்கானிக் டிரைவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வேகத்தை யாரோ குறைத்து வைத்திருக்கிறார்கள், இரண்டாம் வளையத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, சரி பண்ணித் தரவா என்று கேட்டாராம். அதற்கு அப்புறம் அந்த டிரைவை அவன் ஒருத்தர் கையிலும் கொடுத்ததில்லை. மழைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்வரை திருகு அவள் வைத்த இடத்திலேயேதான் இருந்தது.

பம்ப் ஓட ஆரம்பித்தது. அதன் சத்தத்துக்கு மேலே அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அண்ணா, நான் தப்பான வளையத்தைப் பாத்து வச்சுட்டேன். அது தெரியாம, நீ வெத்து டிஸ்கைக் குடுத்து என்னை ஏமாத்திட்டன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

அவன் சிரிப்பு நின்றது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கண்ணாடியை அவள் கையிலிருந்து வாங்கி, சக்கரத்துக்கு அடியில் பிடித்து, ஓடாமல் நிற்கிற அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்தான்.

"தப்பா வச்சதா இது? நம்ம கேமை வேற எவனும் திறக்கக் கூடாதுன்னு நீ போட்டுட்டுப் போன பூட்டுன்னுல்ல வாலு நான் நெனச்சேன். சாவி நம்ம ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல."